‘ஜியோகோடிங்’ என்பதற்கு ‘இடங்குறித்தல்’: ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எழுதப்பட்ட ஒரு முகவரிக்குரிய இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் கண்டறியும் ‘ஜியோகோடிங்’ (geocoding) என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகப் ‘புவிக்குறியீடாக்கம்’ என்பதே இருக்கட்டும் என்று இவ்வுரையாடல் இழை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்ட நேரத்தில் குறுக்கிடுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அச்சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் அது ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் பெயர்த்து ஒட்டியிருக்கிறதே தவிர, நிரல் செய்யும் வேலையைச் சொல்லவில்லை.

அந்த வேலை என்ன என்பதை நான் வேலூரில் அமர்ந்து ஒரு முகவரிப் பட்டியலைப் பைத்தான் நிரல் வழியாக வரைபடத் தேடல் சேவை ஒன்றுக்கு அனுப்பியபோதுதான் சரியாக உணர்ந்தேன். ‘ஆற்காடு சாலை’ என்று எழுதி ஊர்ப்பெயரை விட்டிருந்த முகவரிகளெல்லாம் சென்னை வடபழனிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. நிரலை நொந்து பயனில்லை. வேலூரிலும் ஆற்காடு சாலை உண்டு, சென்னையிலும் உண்டு. ஒன்று மேற்கிலிருந்தும் மற்றது கிழக்கிலிருந்தும் ஆற்காட்டை நோக்கிச் செல்வதால் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது. சாலை எங்கே போகிறது என்பதைப் பெயர் சொல்கிறது, எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. வேலூரின் ஒரு பகுதியான சத்துவாச்சாரியைச் சத்துவாச்சேரி என்றும் எழுதியிருந்தார்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் சாய்கோடிட்டு நின்ற வீடுகளுக்கு விடையே வரவில்லை. எண்ணை நீக்கிக் கேட்டபோது தெருவாவது கிடைத்தது. 1989இல் பிரிக்கப்பட்ட வடஆற்காடு மாவட்டத்தை விடாமல் எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து வாலாஜாபேட்டை இராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போன பிறகும் அதற்கு வேலூர் மாவட்டம் என்றே போடுவோர் அவர்களைவிட அதிகம். ‘ராஜா தியேட்டர் நிறுத்தம் அருகில்’ என்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆக, முகவரியைத் துண்டுகளாகப் பிரித்து, எழுத்து வேறுபாடுகளைச் சீர்செய்து, கைவசமுள்ள தரவோடு ஒப்பிட்டு, ‘பெரும்பாலும் இவ்விடமாக இருக்கலாம்’ என்று ஒரு புள்ளியை வைப்பதே இங்கு நடக்கும் செயல். முடிவில் வருபவை அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்கள். வேலூர்க் கோட்டைக்கு ஏறத்தாழ 12.92, 79.13. (வரைபடத் தரவுகளை எழுதும் ஜியோஜேசான் வடிவில் தீர்க்கரேகை முதலில் வரும் என்பதை மறந்து வரிசையை மாற்றிவிட்டால் கோட்டை நார்வேயின் ஸ்வால்பார்டு பனிக்குப் போய்விடும். அக்கினி நட்சத்திர நாள்களில் அதுவும் ஆறுதல்தான்.) இவற்றில் குறியீடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.

குறியீடு உண்மையாகவே பிறக்கும் இடம் வேறு. அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின் முறை, ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கக் குறியீட்டைத் தருகிறது. அதைக் கணக்கிட முகவரியே தேவையில்லை, அட்சதீர்க்க எண்கள் இருந்தால் போதும். ‘புவிக்குறியீடு’ என்ற நல்ல சொல்லை இத்தகையவற்றுக்காக வைத்திருப்பதே முறை. முகவரித் தேடலுக்கு அதைச் செலவிட்டுவிட்டால், நாளை டிஜிபின்னைப் பற்றி எழுதுபவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

எனவே ‘இடங்குறித்தல்’ என்பதை முன்மொழிகிறேன். இதன் முதற்பயன், வினையாகப் புழங்குவது. பொத்தானில் ‘இடங்குறி’ என்று எழுதலாம். அச்செயலைச் செய்யும் மென்பொருளை ‘இடங்குறிப்பான்’ எனலாம். 632006 என்ற அஞ்சல் எண்ணை மட்டும் நம்பிக் காந்தி நகர் வீடுகள் அனைத்தும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும்போது, ‘அஞ்சல் எண் அளவில் மட்டுமே இடங்குறிக்கப்பட்டது’ என்று பயனருக்கு நேர்மையாகச் சொல்லலாம். இதையே ‘புவிக்குறியீடாக்கம்’ என்ற சொல்லால் எழுதிப் பாருங்கள், நா சுளுக்கிக்கொள்ளும்.

‘இடக்குறி’ போதாதா என்று கேட்ட அன்பருக்கு: அது வரைபடத்தில் குத்தப்படும் ஊசிக்குப் பொருத்தமான பெயர், செயலுக்கு அன்று. கையால் குறிப்பதும் இடங்குறித்தல்தானே என்ற ஐயத்தில் நியாயமிருக்கிறது. ஆனால் நிரல் தோற்ற வரிகளை நாம் வரைபடத்தில் தேடிப்பிடித்துக் கையால் சொடுக்கும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறோம். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் ‘தானியங்கி’ என்ற அடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எதிர்த்திசைச் செயலுக்குத் ‘தலைகீழ் இடங்குறித்தல்’ வேண்டாம். ஒரு புள்ளியைக் கொடுத்து அதற்கு மிக அண்மையிலுள்ள முகவரியைப் பெற்று, அம்முகவரியை மீண்டும் இடங்குறித்தால் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வருவோம் என்பதற்கு உறுதியில்லை; தலைகீழ் என்ற சொல் அவ்வுறுதியைப் பொய்யாகத் தருகிறது. அதற்கு ‘முகவரி காணல்’ போதும்.

மறுப்புள்ளவர்கள், தங்கள் சொல்லை ‘இம்முகவரியை …’ என்று தொடங்கும் ஏவல் வாக்கியத்தில் பொருத்திக் காட்டி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.