வயோமிங் செக்கர்போர்டு நிலத்தில் எல்க் வேட்டை: மந்தை வேலிக்கு அந்தப் பக்கமே நின்றால் என்ன வழி?

கேள்வி: ராலின்ஸ்வழி

வணக்கம். தெற்கு வயோமிங்கில், ஐ-80 நெடுஞ்சாலையை ஒட்டிய கார்பன் கவுண்டிப் பக்கம் வேட்டையாட வெளிமாநிலத்தவருக்கான ஜெனரல் எல்க் டேக், அதாவது எல்க் என்னும் பெரிய மானுக்கான பொது வேட்டை உரிமச் சீட்டு, கையில் இருக்கிறது. வரைபடத்தைத் திறந்தால் சதுரங்கப் பலகைதான். மஞ்சள் கட்டம் பி.எல்.எம். (கூட்டாட்சி நில மேலாண்மைத் துறை) பொதுநிலம், வெள்ளைக் கட்டம் தனியார். மஞ்சள் கட்டங்கள் பலவற்றுக்குப் போக ரோடே கிடையாது. சீசன் தொடங்கிய இரண்டாம் நாளே மந்தை மொத்தமும் வேட்டைக்கு விடாத ஒரு பண்ணைக்குள் ஒதுங்கிவிடுகிறது. பைனாகுலரில் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் 400 கெஜத்தில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. டேக் பணம் கட்டியாயிற்று, லீவும் போட்டாயிற்று. பொதுநிலம் கண்ணுக்குத் தெரிகிறது, கால்தான் வைக்க முடியவில்லை.

தெரிய வேண்டியது இவ்வளவு. மூலை தாண்டிப் போவது இப்போது சட்டப்படி சரிதானா, நடைமுறையில் எப்படிச் செய்வது? பண்ணைக்காரரிடம் அனுமதி எப்போது, எப்படிக் கேட்டால் கிடைக்கும்? வேலியோரம் காத்திருந்து சுடலாமா, சுட்டது அந்தப் பக்கம் போய் விழுந்தால் என்ன கதி?

பதில் 1: பித்தளைமூடி

மூலை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

1862-ல் ரயில் பாதை போடுவதற்காக ஒற்றைப்படை எண் கொண்ட செக்‌ஷன்களை ரயில் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு இரட்டைப்படையை அரசு வைத்துக்கொண்டதால் வந்த சிக்கல் இது. ஒரு செக்‌ஷன் என்பது ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். இரண்டு பொதுநிலக் கட்டங்கள் குறுக்காக ஒரே ஒரு புள்ளியில்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளியில் கால் மாற்றி வைப்பதைத்தான் மூலை தாண்டுதல் என்கிறோம். மேற்கு மாநிலங்களில் இப்படி மூலையில் மட்டும் தொடும் பொதுநிலம் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் என்ற வரைபட ஆப் நிறுவனம் 2022-ல் கணக்கு வெளியிட்டது.

கார்பன் கவுண்டியிலேயே உள்ள எல்க் மவுண்டனில் இப்படி மூலை தாண்டியதற்காக மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். 2022-ல் ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் தனியாகப் போட்ட சிவில் வழக்கில் 10-வது சர்க்யூட் (பல மாநிலங்கள் அடங்கிய வட்டாரம்) கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அக்டோபரில் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. தீர்ப்பு நிற்பது 1885-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மேல். பொதுநிலத்தை வேலி போட்டு வளைத்த அந்தக் காலத்து மாட்டுப் பண்ணை முதலாளிகளைத் தடுக்க வந்த சட்டம் அது.

இது செல்லுபடியாகும் இடம் வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா, கான்சஸ், ஓக்லஹோமா. மொன்டானாவும் ஐடஹோவும் வேறு சர்க்யூட்டில் வருகின்றன. மொன்டானாவின் வனவிலங்குத் துறை மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, அங்கே இந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது. இன்னொன்று, வழக்கு கூட்டாட்சிப் பொதுநிலத்தைப் பற்றியது. வயோமிங்கில் 16, 36-ம் எண் செக்‌ஷன்கள் பெரும்பாலும் மாநிலப் பள்ளி நிலம், வரைபடத்தில் நீலமாக இருக்கும். அந்த மூலையில் இதே வாதம் நிற்கும் என்று எண்ணி இறங்காதீர்கள்.

இனி களத்து வேலை. தனியார் மண்ணில் கால் படக்கூடாது, அவர் பொருளுக்குச் சேதம் வரக்கூடாது. இந்த இரண்டும்தான் அடிப்படை. பலர் தவறுவது போனை நம்பித்தான். திறந்த வானத்தின் கீழேயே போன் ஜி.பி.எஸ். 16 அடி வரை தள்ளிக் காட்டும். வரைபட ஆப்பில் தெரியும் கோடும் சர்வே கோடு இல்லை. எனவே இரண்டு பிழையும் சேர்ந்துகொள்ளும். நமக்கு வேண்டியதோ ஒரு புள்ளி. ஆப் அருகில் கொண்டுபோய் விடும், அதன் பிறகு குனிந்து சர்வே கல்லைத் தேட வேண்டும். பெரும்பாலும் இரும்புக் குழாயின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை மூடி இருக்கும். அதில் டவுன்ஷிப், ரேஞ்ச் எண்கள் (36 கட்டங்கள் கொண்ட தொகுதியைக் குறிப்பவை), நான்கு செக்‌ஷன் எண்கள், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். பழைய மூலையென்றால் வெறும் கல்தான். அதன் தெற்கு, கிழக்கு விளிம்புகளில் வெட்டுத் தழும்புகள் இருக்கும். அந்தப் பக்கத்து டவுன்ஷிப் எல்லை எத்தனை மைல் என்பதற்கு அத்தனை வெட்டு. புல்லும் பாசியும் மூடியிருக்கும், கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

கிளம்பும் முன்பே கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் அந்த மூலைக்கான சர்வேயர் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த ஆண்டு, என்ன குறி கண்டார்கள் என்று அதில் எழுதியிருக்கும். கல் கிடைத்ததும் மூடியின் எண்கள் தெளிவாகத் தெரிய ஒரு படம், சுற்றுப்புறத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, கல்லுக்கு மேலாகக் குறுக்கே கால் வையுங்கள். மூலையில் கம்பமும் கம்பியும் இருந்தால் பிடித்து ஏறாதீர்கள். சிறிய மடக்கு ஏணி உதவும், ஆனால் அதன் கால்கள் நான்கும் பொதுநிலத்தில்தான் ஊன்ற வேண்டும். கல் கிடைக்காவிட்டால் தாண்டாதீர்கள்.

பதில் 2: கேட்டடைத்துப்போ

பித்தளைமூடி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்ணையின் மூலையைத் தாண்டுகிறீர்களோ, அந்தப் பண்ணையில் பிறகு அனுமதி கேட்டுப் போய் நிற்க முடியாது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம், மனுஷன் இருக்க மாட்டார். இந்தப் பண்ணையில் கேட்கப் போகிறீர்களா, மூலை வழியே போகப் போகிறீர்களா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

அனுமதி விஷயத்தில் பெரிய தவறு அக்டோபரில் ஆரஞ்சு உடுப்போடு போய்க் கதவைத் தட்டுவது. அந்த மாதம் கன்றுகளை லாரி ஏற்றும் மாதம், அன்றைக்கே அவர் பத்துப் பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கன்று ஈனும் காலம், ராத்திரி தூக்கம் இருக்காது. மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுவார்கள். ஜூலையும் ஆகஸ்டின் முதல் பாதியும் வைக்கோல் அறுப்பு. ஜூன் தொடக்கம் அல்லது ஆகஸ்டு கடைசி, சாப்பாட்டு வேளை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். கவுண்டி அசெஸர் (நில மதிப்பீட்டு அலுவலர்) பதிவில் ஏதாவது எல்.எல்.சி. கம்பெனி பெயர்தான் இருக்கும், முதலாளி வேறு ஊரில் இருப்பார். முடிவெடுப்பது பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும் மேனேஜர். முதலில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பெயர், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதிகள், துப்பாக்கியா வில்லா, நடந்துதான் போவேன், வண்டியை எங்கே நிறுத்தச் சொல்கிறீர்களோ அங்கே நிறுத்துவேன். இவ்வளவு போதும்.

கேட்பது எதை என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கொம்புள்ள ஆண் எல்க்கைக் கேட்டால் அவர் மனதில் ஓடுவது அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் நடத்துபவர்) தரும் குத்தகைப் பணம். பெட்டை எல்க்கைக் கேட்டால் ஓடுவது தன் வைக்கோல் போர். குளிர்காலத்தில் ஓர் எல்க் நாளுக்கு 10 பவுண்டு தின்னும் என்று குறைத்து வைத்தாலும் 200 எல்க் ஒரு நாளைக்கு ஒரு டன். மாட்டுக்கு அறுத்து அடுக்கிய அல்ஃபால்ஃபா, நம்ம ஊர்க் குதிரைமசால், அப்படித்தான் போகிறது. அறுந்த வேலிக்கம்பிச் செலவு தனி. அதனால் ஜெனரல் டேக்கோடு, கிடைத்தால் பெட்டை, குட்டிக்கான டைப் 6 டேக்கும் சேர்த்துப் போடுங்கள். சில டைப் 6 டேக்குகள் தனியார் நிலத்தில் மட்டுமே செல்லும். விண்ணப்பிக்கும் முன் கட்டுப்பாடு என்ற கட்டத்தைப் படியுங்கள், இல்லையென்றால் அனுமதியும் இல்லாமல் பொதுநிலத்திலும் பயனில்லாமல் அது பர்ஸில்தான் கிடக்கும்.

அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும், மாடு தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கும். மழை பெய்த ஈரத்தில் மண்பாதையில் வண்டி ஏற்றாதீர்கள். ஒரு தடவை விழுந்த சக்கரத் தடம் அடுத்த கோடை வரை கிடக்கும். பண்ணைக்காரர்கள் கதவை மூடுவதற்கு நான் கேள்விப்படும் முதல் காரணம் அதுதான், திருட்டு வேட்டை இரண்டாவது.

தனியார் நிலத்தை வேட்டைக்குத் திறந்துவிடும் வயோமிங் வனவிலங்குத் துறையின் ஆக்செஸ் எஸ் திட்டத்தையும் மறக்காதீர்கள். அதில் வாக்-இன் ஏரியாவுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். ஹன்டர் மேனேஜ்மென்ட் ஏரியாவுக்கு ஆன்லைனில் சீட்டு எடுக்க வேண்டும், சிலவற்றுக்குக் குலுக்கல் உண்டு. எந்த விலங்கு, எந்தத் தேதி என்பது ஏரியாவுக்கு ஏரியா மாறும், எல்லையும் வருடத்துக்கு வருடம் மாறும். போன வருட வரைபடத்தோடு போகக்கூடாது.

பதில் 3: மாலைக்காற்று

வேலியோர வேட்டை பற்றி. வேலிக்கு 50 கெஜத்தில் உட்கார்ந்து, எல்க் இந்தப் பக்கம் குதித்ததும் சுடுவது என்பதுதான் பலர் திட்டம். வேண்டாம். இரு நுரையீரலிலும் குண்டு பட்ட எல்க்கூட 100 கெஜம் ஓடும், ஓடுவது வந்த வழியே, பண்ணைக்குள். வேலியிலிருந்து குறைந்தது 300 கெஜம் பொதுநிலத்துக்குள் தள்ளி இடம் பிடியுங்கள்.

இடம் எது என்பதை வேலியே சொல்லும். பகலில் வேலியோரம் பொதுநிலப் பக்கமாக நடந்து பாருங்கள். மேல் கம்பி தொய்ந்து கிடக்கும் இடம், முள்ளில் முரட்டு மயிர்க் கொத்து சிக்கிய இடம், அடிக்கம்பியில் மட்டும் மயிர் இருந்தால் குட்டிகள் நுழையும் இடம். மயிரை விரலில் எடுத்து வளைத்துப் பாருங்கள், எல்க் மயிர் உள்ளே வெற்றுக் குழல் என்பதால் வளையாமல் மடியும். அங்கிருந்து தடம் எந்தக் கணவாய், எந்தத் தண்ணீர் நோக்கிப் போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தின் பக்கவாட்டில் உட்காருங்கள். வெயில் இறங்கியதும் காற்று மலையிலிருந்து கீழே ஓடும், காலையில் வெயில் ஏற ஏற மேலே திரும்பும். மாலையில் மந்தைக்கு மேலே உட்கார்ந்தால் உங்கள் வாடை அதுகளிடம் போய்விடும்.

சுடும் நேரம் சூரியன் மறைந்து அரை மணி வரைதான். வேட்டைக்காரர் நடமாட்டத்தால் மிரண்ட மந்தை அதற்குப் பிறகே வேலி தாண்டும், அது உண்மை. சனி, ஞாயிறு கூட்டம் போன பிறகு செவ்வாய் முதல் வியாழன் வரை கொஞ்சம் முன்னதாக வர வாய்ப்பு உண்டு. கனத்த பனி விழுந்தாலும் இடம் மாறும்.

அடிபட்ட எல்க் வேலி தாண்டிவிட்டால், வேலியிலேயே நில்லுங்கள். வயோமிங்கில் அடித்ததை எடுக்கப் போகவும் உரிமையாளர் அனுமதி வேண்டும். கடைசி ரத்தம் கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு பண்ணைக்கு போன் செய்யுங்கள். பண்ணை எண்ணையும் அந்தப் பகுதி கேம் வார்டன் (வேட்டைக் காவல் அதிகாரி) எண்ணையும் வேட்டைக்கு முன்பே போனில் ஏற்றி வைப்பது நல்லது, அந்த இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பண்ணைக்காரர் மறுத்தால் வார்டனைக் கூப்பிடுங்கள். வார்டன் பேசிப் பார்ப்பார். குடலில் பட்டிருந்தால் எப்படியும் 8 மணி நேரமாவது காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தை அனுமதி வாங்கப் பயன்படுத்துங்கள்.

மூலை தாண்டி உள்ளே போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 3 மைல் உள்ளே ஓர் ஆண் எல்க்கை வீழ்த்தினால், தனியாள் 4 சுமையாக எடுத்தால் சுமையோடு 12 மைல், வெறுங்கையோடு திரும்ப 9 மைல், மொத்தம் 21. ஒவ்வொரு சுமையும் அதே மூலை வழியாகத்தான் வர வேண்டும், குறுக்கு வழி கிடையாது. இரண்டாவது ஆள் இல்லாமல் அவ்வளவு உள்ளே சுடாதீர்கள். தோலை உடனே உரித்து, தொடை எலும்பு மூட்டைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள், இல்லையென்றால் எலும்பை ஒட்டிய கறி முதலில் கெடும்.

வெளிமாநிலத்தவர் என்பதால் இதுவும்: வயோமிங்கில் கூட்டாட்சி வில்டர்னஸ் (பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதி) எல்லைக்குள் எல்க் வேட்டைக்கு லைசென்ஸ் பெற்ற கைடோ, அதற்கான இலவச அனுமதி எடுத்த உள்ளூர்வாசியோ கூட வர வேண்டும். வேலி இல்லாத பொதுநிலம்தானே என்று நுழைந்துவிடாதீர்கள்.

ராலின்ஸ்வழி

மூன்று பேருக்கும் நன்றி. பெரிய பண்ணையில் ஜூனில் கேட்கிறேன், அதன் மூலைகளைத் தொடப்போவதில்லை. வேறொரு பக்கம் ஒரு மூலை பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே சர்வே கல் தெரியவில்லை, ஆனால் நான்கு பக்க வேலியும் சந்திக்கும் கனமான கம்பம் ஒன்று இருக்கிறது. அதையே மூலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பித்தளைமூடி

கூடாது. பாறை, ஓடை, சரிவு எது வந்தாலும் வேலி வசதிக்கு வளைந்து போகும். கம்பம் மூலையிலிருந்து 30 அடி தள்ளியும் இருக்கலாம். பக்கத்து மூலையிலிருந்து 5,280 அடி அளந்து வரலாம் என்றும் நினைக்காதீர்கள், பழைய சர்வேயில் செக்‌ஷன்கள் சரியாக ஒரு மைல் இருப்பதில்லை. கம்பத்தைச் சுற்றிச் சில அடி மண்ணைத் தள்ளாமல் புல்லை மட்டும் விலக்கித் தேடிப் பாருங்கள், கம்பத்தின் அடியிலேயே மூடி ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. கிடைக்கவில்லையென்றால் விடுங்கள். அந்தக் கட்டத்துக்கு இன்னும் மூன்று மூலைகள் இருக்கின்றன. குறுக்கே இருப்பது பி.எல்.எம். நிலம்தானா என்று பார்த்து, எதற்குச் சர்வேயர் பதிவு சமீபத்தியதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.