முதுசமா, மரபா, வெறும் பழையதா? லெகசி சேர்வருக்கு ஒரு சொல்

உவர்மலை, திங்கள் இரவு

அன்புள்ள குழுமத்தினருக்கு,

திருகோணமலைக் கடைகளில் கணினி பார்க்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பாடக்குறிப்பு வியாழன் மதியம் அச்சகத்துக்குப் போகவேண்டும். மற்றதெல்லாம் தமிழாகிவிட்டது, 'லெகசி சேர்வர்' மட்டும் வழியை மறித்து நிற்கிறது. லெகசி என்றால் முன்னோர் விட்டுப்போனது; காலம் கடந்தும் மாற்றமுடியாமல் கடைக்கு வேலை செய்துகொண்டிருக்கும் பழைய மையக் கணினியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'காலாவதியான சேவையகம்' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "அப்படியென்றால் பிஸ்கட்டைப்போலத் தூக்கி எறியவேண்டுமா, மிஸ்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். எறிய முடியாததால்தானே அதற்கு இந்தப் பெயரே வந்தது! இத்தகைய கணினிகளில் ஓடும் விண்டோஸ் சேர்வர் 2003 மென்பொருளுக்கு மைக்ரோசொஃப்ட் தந்த ஆதரவு 2015 ஜூலை 14இல் முடிந்தது. 2008க்கு 2020 ஜனவரி 14இல். இந்த இரண்டையும் வைத்து இன்றும் பில் அடிக்கும் கடைகளில்தான் என் மாணவர்களில் சிலர் வேலை செய்கிறார்கள்.

சென்னை, திங்கள் இரவு

மரபு வழங்கி. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலையவேண்டும்?

உவர்மலை, செவ்வாய் காலை

இங்கே மரபுரிமை என்றால் பிரெட்ரிக் கோட்டையும் அதற்குள் மேயும் புள்ளிமான்களும்தான் நினைவுக்கு வரும், ஐயா. எங்கள் பாடத்தில் சேர்வர் 'சேவையகம்'; 'வழங்கி' என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள்.

நிலாவெளி, செவ்வாய் மதியம்

அக்கா, 'முதுசம்' இருக்கிறதே! ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை: சீதனம், முதுசம், தேடியதேட்டம். முதுசம் நாம் உழைத்துத் தேடியதல்ல. முன்னோர் விட்டுப்போனது, வேண்டாம் என்றாலும் தலையில் விழுவது. கடையைத் தகப்பனிடமிருந்து பொறுப்பேற்ற மகனுக்கு அந்தப் பெட்டியும் அப்படித்தானே வந்திருக்கிறது? முதுசச் சேவையகம் என்று வைத்துவிடுங்கள்.

தம்பலகாமம், செவ்வாய் மாலை

தம்பி நிலாவெளியாருக்கு நூறு வயது! தனித்தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. முதுமை என்ற பண்புப்பெயர் ஈறு கெட்டு 'முது' ஆகிறது. உயிர்முதல் சொல் வந்தால் முதல் எழுத்தும் நீளும்: முதுமை + ஊர் = மூதூர். நம் குழுமத்தில் ஒருவருடைய ஊரே லெகசிதான்! சகரம் வரும்போது நீட்சி இல்லை; முதுமக்கள், முதுகுடி என்பவற்றைப்போல 'முது' என்றே நிற்கும். இதே வழியில் மூதாதை, மூதுரை, மூதாட்டி என்று...

(மீதியைக் குழுமம் மன்னிக்கட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு நிறுத்தத் தெரியாது.)

சென்னை, செவ்வாய் இரவு

முதுசம் என்பது முதுசொம்மின் திரிபு. அந்தச் 'சொம்' எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் புரட்டிப் பாருங்கள், ஐயா. 'ஸ்வ' என்ற வடசொல்லைக் காட்டும். தனித்தமிழ் பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

தம்பலகாமம், புதன் விடிய 4.10

அகராதிக்காரர் அவசரப்பட்டுவிட்டார். சுமப்பது சொம். 'சும' என்ற அடியிலிருந்தே வந்திருக்கலாம். இரவு முழுவதும் யோசித்தேன்.

சென்னை, புதன் காலை

அப்படியே 'சேவை' எதிலிருந்து வந்தது என்பதையும் யோசித்திருக்கலாம்.

மூதூர், புதன் மதியம்

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். சொல்லை விட்டு இயந்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். நான் இவற்றைத் திருத்துகிறவன்.

திருகோணமலை நகரில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவுக்குக் கீழே 2003 ஓடும் பெட்டி. உப்புக்காற்றில் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. மேலே ஒரு மட்டை ஒட்டியிருந்தது: 'அணைக்க வேண்டாம்'. முதலாளி அதை மாற்றாததற்குக் கஞ்சத்தனம் காரணமல்ல. பில் மென்பொருளை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். பற்றுச்சீட்டு அச்சுப்பொறி சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பில் தொங்குகிறது. காசு லாச்சி அந்த அச்சுப்பொறி சொன்னால்தான் திறக்கும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடும்.

2022 மார்ச் 31ஆம் திகதி, 13 மணி நேர மின்வெட்டு. யுபிஎஸ் கொஞ்ச நேரம் கூவிவிட்டு ஓய்ந்தது. மின்சாரம் வந்தபோது விசிறி சுற்றியது, வன்தட்டு சுற்றவில்லை. பல வருடங்கள் நிற்காமல் ஓடித் தேய்ந்தது, நின்று குளிர்ந்ததும் இறுகிவிட்டது. கழற்றிக் கையில் பிடித்து, சாவி திருகுவதுபோல் இரண்டு தரம் வெடுக்கென்று திருப்பினேன். மூன்றாம் முறை மின்சாரம் கொடுத்தபோது முனகிக்கொண்டு எழும்பியது. அடுத்த மூச்சிலேயே தரவைப் பிரதி எடுத்துவிட்டேன். இனி அதை நம்பலாமா என்று முதலாளி கேட்டார். அணைக்காதவரைக்கும் நம்பலாம் என்றேன்.

டீச்சர், அதனால் பாடக்குறிப்பில் 'நம்பகமானது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். 99.9 வீத நேரம் ஓடும் என்றாலே வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் கடை நிற்கும். அது பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரமாக இருந்தால்?

சொல் என்றால், கடையில் எல்லோரும் 'பழைய மெஷின்' என்றுதான் சொல்கிறார்கள்.

நிலாவெளி, புதன் மாலை

என் சொல்லில் நானே ஒரு ஓட்டை கண்டுவிட்டேன். பெரிய பல்பொருள் அங்காடிகளின் கல்லாக் கணினிகளில் ஓடிய ஐபிஎம் 4690 இயங்குதளம் நினைவிருக்கிறதா? 2012இல் ஐபிஎம் தன் சில்லறை வணிகக் கணினிப் பிரிவையே தோஷிபாவுக்கு விற்றது. பரம்பரையாக இறங்கினால் முதுசம். விலைக்குக் கைமாறினால் கிரயமல்லவா? இருந்தாலும் என் வாக்கு முதுசத்துக்கே.

தம்பலகாமம், புதன் இரவு

என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன். 'முதுபணியகம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

சென்னை, புதன் இரவு

அது முதியோர் இல்லம்.

உவர்மலை, வியாழன் 11.40

அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். தலைப்பில் 'முதுசச் சேவையகம்' என்று போட்டுவிட்டு, உள்ளே எல்லா இடத்திலும் மூதூர்த் தம்பி சொன்னபடி 'பழைய சேவையகம்' என்றே விட்டுவிட்டேன். வன்தட்டுக் கதையையும் பெயர் இல்லாமல் சேர்த்திருக்கிறேன். அச்சுப்படியின் படம் இணைப்பில்.

தம்பலகாமம், வியாழன் 11.52

அந்தச் சொல் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் படத்தில் 'முதுச சேவையகம்' என்றல்லவா இருக்கிறது? மகர ஈறு கெட்டால் வல்லினம் மிகவேண்டும். ஒற்று எங்கே, அம்மா? அச்சகத்தின் தொலைபேசி எண்ணைத் தாருங்கள், நானே பேசுகிறேன்.