ஆக்கூர் வயலில் கிடைத்த ரயில்வே பூட்டு

போன மாசியில் அம்மாவின் ஒற்றைத் தோடு வயலில் எங்கேயோ விழுந்துவிட்டது. சம்பா அறுப்பு முடிந்து மண் வெடித்துக் கிடந்த நேரம், தோடு வெடிப்புக்குள் போயிருந்தால் கண்ணால் தேடி ஆகாது என்று மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த மெட்டல் டிடெக்டரை வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் வயல் செம்பனார்கோயிலுக்கும் ஆக்கூருக்கும் நடுவில், பழைய தரங்கம்பாடி ரயில் பாதை மேட்டை ஒட்டி இருக்கிறது.

இரண்டு நாளில் ஆணி, லாடம், சோடா மூடி. மூன்றாம் நாள் மேட்டோரம் ஒரு சாண் ஆழத்தில் உள்ளங்கை நிறைய ஒரு பித்தளைப் பூட்டு வந்தது, பச்சைக் களிம்பு ஏறி, இரும்பு வளையம் துருப்பிடித்து உடம்போடு ஒட்டிப்போய்.

அம்மா "புளி போட்டுத் தேய்டா, பளிச்சுன்னு ஆயிடும்" என்றார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தேய்த்தால் களிம்போடு, மேலாக ஏதாவது எழுத்து வெட்டியிருந்தால் அதுவும் போய்விடும், காலம் சொல்ல நமக்கு உதவுவதே அந்த எழுத்துதான். தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுத்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தபோது ஆங்கிலத்தில் எஸ், ஐ, ஆர் என்று மூன்று எழுத்து நிழல் கட்டி எழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சித்தப்பா அதுவரைக்கும் இது டேனிஷ்காரன் காலத்துப் பூட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் தரங்கம்பாடியை 1845லேயே ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். எஸ், ஐ, ஆர் என்றால் சவுத் இந்தியன் ரயில்வே, அந்தப் பெயர் வந்ததே 1874ல்தான், அப்புறம் 1951 ஏப்ரலில் அது வேறு ரயில்வேக்களோடு சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆகிவிட்டது. ஆக எழுத்து பொறித்தது இந்த இரண்டுக்கும் நடுவில். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் விட்டது 1926ல், அதனால் இங்கே வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு என்று நினைக்கிறேன். ஆனால் பெயர் மாறிய அன்றே பழைய பூட்டையெல்லாம் யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள், 1986ல் ரயில் நிற்கிறவரைக்கும்கூட ஏதோ ஒரு கேட்டிலோ பெட்டியிலோ தொங்கியிருக்கலாம். செய்த காலம் வேறு, தொலைந்த காலம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

*

அருமை தம்பி, தேய்க்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். திருவையாற்றில் எங்கள் பாட்டி வீட்டுப் பத்தாயத்தில் தொங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை நான் சின்ன வயதில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். அதில் ஆசாரி பெயரோ எண்ணோ ஏதோ இருந்தது என்று அப்பா சொல்வார், இப்போது வழவழவென்று இருக்கிறது, நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

உங்கள் பூட்டின் சாவித் துளைக்குள் நடுவே ஒரு சின்னக் குச்சி நிற்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குக் குழல் சாவி, அதாவது நுனியில் ஓட்டை உள்ளது. பழைய இரும்புக் கடையில் சாவி தேடும்போது அது உதவும். இன்னொன்று, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

*

குச்சி இருக்கிறது அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். கடிதம் நாளைக்கே போட்டுவிடுகிறேன். தோடு இன்னும் கிடைக்கவில்லை, குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் மேட்டோரம் இன்னொரு சுற்றுப் பார்க்க வேண்டும்.