2017 வின்டேஜ் போர்ட்: ஈறெல்லாம் இறுகுது, ஸ்பிரிட் நெடி தூக்குது. பாட்டில் கெட்டுப்போச்சா?

லண்டன்_வாசி:
வணக்கம் நண்பர்களே. போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போயிருந்தபோது ஆற்றுக்கு அக்கரையில், வில நோவா த கயாவில், ஒரு ஒயின் கிடங்கில் 20 வருட டானி போர்ட் (மரப்பீப்பாயில் பழுத்த, ஸ்பிரிட் சேர்த்த இனிப்பு ஒயின்) ருசி பார்த்தோம். உலர்ந்த அத்தி, பாதாம், கேரமல் என்று அவ்வளவு மணம். அந்த ஆசையில் லண்டனில் 2017 வின்டேஜ் போர்ட் (ஒரே வருட அறுவடையில் செய்தது) இரண்டு பாட்டில் வாங்கினேன். டானியைவிட இதுதான் உசத்தி என்று கடையில் சொன்னார்கள். விலையும் அப்படித்தான்.

நேற்று ஒன்றைத் திறந்து நேராக கிளாஸில் ஊற்றினோம். கறுத்த ஊதா நிறம், கிளாஸின் அடியே தெரியவில்லை. முகர்ந்தால் முதலில் ஏறுவது ஸ்பிரிட் நெடி. வாயில் விட்டதும் இனிப்பு, அடுத்த நொடியே கடுக்காயைக் கடித்தது போல ஈறும் கன்னமும் இறுகிவிட்டன. பழ வாசனை பேருக்குத்தான். பாட்டில் கெட்டதா, அல்லது இது இப்படித்தானா? திருப்பிக் கொடுக்கலாமா?

சுவைமொட்டு:
ஈர அட்டைப்பெட்டி, பூஞ்சணம் பிடித்த நிலவறை வாடை ஏதாவது வந்ததா? வினிகரோ நெயில்பாலிஷோ? கார்க் மேலே தள்ளி, மூடித்தாளுக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்ததா?

லண்டன்_வாசி:
எதுவும் இல்லை. கார்க் நன்றாகத்தான் இருந்தது. நுனி மட்டும் ஊதாக் கறை.

சுவைமொட்டு:
அப்படியென்றால் கடைக்குப் போக வேண்டாம். ஈர அட்டை வாடை இருந்தால் அது கார்க் கோளாறு, உடனே திருப்பிக் கொடுக்கலாம். கார்க் தள்ளிக் கசிந்திருந்தால் வெயிலிலோ சூட்டிலோ கிடந்த பாட்டில். நீங்கள் சொல்வது இரண்டும் இல்லை. வயசு போதாத ஒயின், அவ்வளவுதான்.

சந்தேகம் இன்னும் இருந்தால் ஒரு சோதனை: மிச்சத்தை டிகாண்டரில் ஊற்றி வையுங்கள், டிகாண்டர் இல்லையென்றால் சுத்தமான கண்ணாடி ஜாடி போதும். நாளைக்கு மறுபடி ருசி பாருங்கள். கார்க் கோளாறாக இருந்தால் அந்த வாடை காற்று பட்டுப் போகாது, பல நேரம் இன்னும் தூக்கலாகத் தெரியும். இளமையாக இருந்தால் துவர்ப்பு கொஞ்சம் தணிந்து பழம் வெளியே வரும்.

கிடங்குக்காரன்:
மேலே சொன்னது சரி. நீங்கள் குடித்த டானியும் இதுவும் ஏன் இவ்வளவு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

போர்ட்டுக்குத் திராட்சைச் சாறு ஓரிரு நாள்தான் நொதிக்கும். இனிப்பு ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும்போதே 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தோலிலிருந்து நிறமும், துவர்ப்பைத் தரும் டானினும் முழுக்க இறங்க வேண்டும். அதற்காகத்தான் போர்ட் திராட்சை விளையும் தோரூ பள்ளத்தாக்கில் ‘லகார்’ எனும் கருங்கல் தொட்டிகளில் இறங்கிக் காலால் மிதிக்கிற வழக்கம். இப்போது பல இடங்களில் இயந்திரக் கால்கள் அந்த வேலையைச் செய்கின்றன. தூரிகா நாசியோனால் போன்ற தடித்தோல் திராட்சை வேறு. ஆக, இறுகலும் 20 சதவீத அளவு ஆல்கஹாலும் இந்த ஒயின் பிறக்கும்போதே உள்ளே வந்தவை.

இதற்குப்பின் டானி சிறிய மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து, காற்று பட்டு, நிறம் மங்கி, டானின் தணிந்து உங்கள் கைக்கு வருகிறது. வின்டேஜ் மரத்தில் இரண்டு வருடம் போலத்தான் இருக்கும். வடிகட்டாமலே பாட்டிலுக்குப் போய்விடும். டானி பீப்பாயில் முடித்த வேலையை இது பாட்டிலுக்குள், ஏறக்குறைய காற்றே இல்லாமல், மெதுவாகச் செய்கிறது. 2017 வறட்சியும் வெப்பமும் மிகுந்த வருடம், அறுவடையும் வழக்கத்தைவிட முன்னாலேயே தொடங்கியது. அடர்த்திக்குப் பஞ்சமே இல்லை.

இளம் வின்டேஜைக் குடிக்கும்போது ‘இப்போது சுகமாக இருக்கிறதா’ என்று பார்க்காதீர்கள். இனிப்பு, துவர்ப்பு, புளிப்பு, ஆல்கஹால் நான்கும் ஒன்றோடொன்று ஈடுகொடுக்கின்றனவா, விழுங்கியபின் பழம் நிற்கிறதா, நெருப்பு மட்டும்தான் நிற்கிறதா என்று பாருங்கள். பழம் நின்றால் நல்ல சரக்கு.

பொறுமைசாலி:
என்னைக் கேட்டால் 2017-ஐ இப்போது திறப்பதே வீண். 2035-க்குப் பிறகு தொடுங்கள்.

சுவைமொட்டு:
அப்படியும் சொல்ல முடியாது ஐயா. பாட்டிலில் அடைத்த முதல் சில வருடங்கள் இளம் வின்டேஜ் கருப்புப் பழமும் வயலட் மணமுமாக அள்ளிக்கொண்டு போகும். அதை விரும்பியே குடிப்பவர்கள் உண்டு. அப்புறம்தான் உள்ளே சுருண்டுகொள்ளும், பல வருடம் வாயே திறக்காது. இவருடைய பாட்டில் அந்த நேரத்தில் மாட்டியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பழம் தெரியவில்லை என்கிறாரே.

லண்டன்_வாசி, அறையில் ஹீட்டர் ஓடியதா? எந்தக் கிளாஸ்?

லண்டன்_வாசி:
ஹீட்டர் ஓடியது. கிளாஸ், லிக்கர் குடிக்கிற குட்டிக் கிளாஸ். போர்ட்டுக்கு அதுதான் என்று நினைத்தோம்.

சுவைமொட்டு:
நெடிக்கு அதுதான் பாதிக் காரணம். 25 டிகிரியில் ஆல்கஹால்தான் மூக்கில் முட்டும். 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். அதற்குமேல் குளிர வைத்தால் துவர்ப்பு கூடும். சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் சுழற்றி முகர இடம் இருக்கும். கூடவே ஸ்டில்டன் மாதிரி உப்பும் கொழுப்புமான நீலச் சீஸ் வையுங்கள். டானின் அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஈறை விட்டுவிடும். கசப்பு அதிகமான சாக்லேட் வேண்டாம், இந்த வயசுப் போர்ட்டோடு அது சண்டைதான் போடும்.

லண்டன்_வாசி:
ஜாடியில் ஊற்றி வைத்து இன்று சாயங்காலம் ஆறவைத்துக் குடித்தோம். நெடி பெரும்பாலும் அடங்கிவிட்டது. பிளாக்பெர்ரி, மிளகு, ஏதோ பூ வாசனை வருகிறது. இறுகல் இருக்கிறது, ஆனால் ஸ்டில்டனோடு தெரியவே இல்லை. விழுங்கியபின் பழம் நிற்கிறது! மனைவிக்கு மட்டும் இன்னும் டானிதான். மிச்சம் எத்தனை நாள் தாங்கும்? இன்னொரு பாட்டிலை என்ன செய்ய?

கிடங்குக்காரன்:
மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழைய வின்டேஜ் ஓரிரு நாளில் சோர்ந்துவிடும், இளசு சில நாள் தாங்கும். இன்னொன்றை வெளிச்சமும் சூடும் இல்லாத இடத்தில் படுக்க வையுங்கள், லேபிள் மேலே பார்த்திருக்கட்டும். மண்டி ஒரே பக்கம் படியும், பின்னாளில் வடிக்கச் சுலபம். முன்பெல்லாம் இதற்காகவே பாட்டிலில் வெள்ளைச் சாயப் பொட்டு வைப்பார்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் அப்படி இடம் இல்லையென்றால், 12, 13 டிகிரியில் வாடகைக்கு வைக்கும் ஒயின் கிடங்குகள் உங்கள் ஊரிலேயே உண்டு.

இடையில் இந்த ரகம் குடிக்க ஆசை வந்தால் எல்பிவி (லேட் பாட்டில்ட் வின்டேஜ், தாமதமாகப் பாட்டிலில் அடைத்த போர்ட்) வாங்குங்கள். அது 4 முதல் 6 வருடம் மரத்தில் இருந்துவிட்டு வருவது, திறந்த அன்றே குடிக்கலாம். வீட்டம்மாவுக்கு 10 வருட டானி.