பணம் கட்டும் விண்டோவிலிருந்து முதல் பக்கத்துக்கு மெசேஜ் வரவில்லை – உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் குழுவுக்கு அறுவடை மிஷின் முன்பதிவுத் தளம் எழுதுகிறேன். தை பிறந்தால் சம்பா அறுப்பு. அதற்குள் இது ஓடியாக வேண்டும்.

முன்பணம் கட்ட விண்டோ.ஓப்பன் மூலம் புது விண்டோ திறக்கிறது. அது பணம் வாங்கும் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்விட்டு, முடிந்ததும் எங்கள் தளத்துக்கே திரும்புகிறது. அங்கிருந்து விண்டோ.ஓப்பனர் (இந்த விண்டோவைத் திறந்த பக்கத்தோடு உள்ள இணைப்பு) வழியே முதல் பக்கத்துக்கு போஸ்ட்மெசேஜ் அனுப்ப வேண்டும். என் கணினியில், சோதனைப் பக்கத்தோடு சரியாக வருகிறது. நிஜத் தளத்தில் ஓப்பனர் ‘நல்’ (null, அதாவது ஒன்றுமில்லை) என்கிறது.

அந்த நிறுவனத்தின் பக்கம் கிராஸ் ஆரிஜின் ஓப்பனர் பாலிசி ஹெடரில் (வேறு தளத்து விண்டோவோடு தொடர்பு வைக்கலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி) சேம் ஆரிஜின், அதாவது தன் தளத்தோடு மட்டும், என்று அனுப்புகிறது. அதனால் இரண்டு விண்டோவுக்கும் தொடர்பு அறுந்து, எங்கள் தளத்துக்குத் திரும்பிய பிறகும் ஒட்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் அதே ஹெடரை சேம் ஆரிஜின் அலவ் பாப்அப்ஸ் (நாம் திறக்கும் விண்டோவுக்குத் தளர்வு) என்று வைத்தும் பயனில்லை.

திரும்பி வரும் பக்கமும் முதல் பக்கமும் ஒரே ஆரிஜின் (ஒரே தள முகவரி) என்பதால் பிராட்காஸ்ட் சேனலுக்கு (ஒரே தளத்தின் டேப்கள் தமக்குள் மெசேஜ் அனுப்பும் வசதி) மாறலாம் என்றிருக்கிறேன். சஃபாரியில் அது 15.4 முதல்தான் உண்டு. பழைய ஐபோன்களுக்கு லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரிலேயே தகவல் சேமிக்கும் இடம்) எழுதி, அது மாறியதை மற்ற டேபுக்குச் சொல்லும் ஸ்டோரேஜ் ஈவென்டைக் கேட்பது போதுமா?

என் பெரிய கவலை ஆண்ட்ராய்டு. நினைவகம் குறைந்த போனில் புது டேப் திறந்ததும் பழைய டேபை குரோம் தூக்கிவிட்டால் மெசேஜை யார் வாங்குவது? பணம் கட்டியும் ‘காத்திருக்கவும்’ என்றே நின்றால் விவசாயி மறுபடி கட்டிவிடுவார். அது நடக்கவே கூடாது. பணம் வந்ததை சர்வரில்தான் உறுதி செய்கிறோம். திரைக்கு அதைக் கொண்டுவர, டேப் கண்ணுக்குத் தெரியும்போதெல்லாம் சர்வரைக் கேட்பதுதான் வழியா? இப்படிச் செய்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.