பொருள்: "உலோக வெளிப்பாடு" என்பதற்கு மாற்று: ஆட்பாடு

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் metal exposure என்பதற்கு, அதாவது நீர், புகை போன்ற வழிகளில் உலோகம் மனிதரை வந்தடைவதற்கு, தமிழில் எந்தச் சொல் என்ற நம் பேச்சைத் தொடர்கிறேன்.

> "உலோக வெளிப்பாடு" ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்குவது உண்மைதான். ஆனால் நீரிழிவு பற்றிய கட்டுரை ஒன்றில் அதைப் போட்டுப் பாருங்கள்: "ஆர்சனிக் வெளிப்பாடு கணையத்தில் மரபணு வெளிப்பாட்டை மாற்றுகிறது." இரண்டாவது வெளிப்பாடு சரி, மரபணுவில் உள்ள செய்தி செயலாக வெளிப்படுகிறது. முதலாவதில் எதுவும் வெளிப்படவில்லை. கிணற்றில் இருந்த ஆர்சனிக் ஆளின் உடம்புக்குள் போயிருக்கிறது. திசையே தலைகீழ். படிப்பவர் ஆலைப் புகைபோக்கியைத்தான் நினைப்பார்.

> அப்படியானால் "உலோகத் தாக்கம்"?

இதை ஏற்கவே முடியாது. தாக்கம் என்றால் விளைவு. தைவானின் தென்மேற்குக் கரையோரக் கிராமங்களில் மக்கள் பல்லாண்டுகள் ஆர்சனிக் மிகுந்த ஆழ்கிணற்று நீரைக் குடித்தார்கள். கால் கறுத்து அழுகும் கருங்கால் நோய் அங்கே பரவியிருந்தது. அவ்வூர்களில் நீரிழிவு ஏறத்தாழ இரு மடங்கு என்று 1994-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆண்டுக்கணக்கில் குடித்த மொத்த ஆர்சனிக் கூடக்கூட நோயும் கூடியிருந்தது. நீரில் எவ்வளவு இருந்தது, எத்தனை ஆண்டு குடித்தார்கள் என்பது ஒரு கணக்கு. நோய் வந்ததா என்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்குக்கே தாக்கம் என்று பெயர் வைத்தால், கேட்பதற்கு முன்பே விடை சொன்னதாகிவிடும். குறைந்த அளவு ஆர்சனிக் நீரிழிவைக் கொண்டுவருமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில் "தாக்கம்" என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

"நச்சேற்றம்" என்ற பரிந்துரைக்கும் இதே தடை. தவிர, எல்லா உலோகமும் நஞ்சில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அந்த இன்சுலினைத் துத்தநாகத்தோடு பிணைத்துத்தான் சேமித்து வைக்கின்றன. உடம்புக்கு வேண்டிய துத்தநாகத்துக்கும் நஞ்சான காட்மியத்துக்கும் பொதுவாக நிற்கக்கூடிய, முன்முடிவு இல்லாத சொல் வேண்டும்.

> உட்படு, உட்பாடு?

பொருள் பொருந்துகிறது. ஆனால் "ஆர்சனிக் உட்பட" என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடுகிறதே! ஆய்வுக் கட்டுரையில் இது அடிக்கடி இடறும்.

என் பரிந்துரை ஆட்பாடு. கட்டுப்படு கட்டுப்பாடு ஆவதுபோல, ஆட்படு ஆட்பாடு ஆகிறது. "கதிர்வீச்சுக்கு ஆட்பட்டவர்கள்" என்று எழுதும் வழக்கமும் உண்டு. அடிமைப்படுதல் என்ற பழைய பொருள் உறுத்துகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான தயக்கம். ஆனால் "எதற்கு" என்று நான்காம் வேற்றுமையோடு வரும்போது அந்தப் பொருள் பின்னால் போய்விடுகிறது. அந்த "எதற்கு" இந்தத் துறைக்கு மிகவும் வேண்டியது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகள் வழியாக ஆர்சனிக்குக்கு ஆட்பட்டோர்."
"புகைபிடிப்பவர்களின் காட்மிய ஆட்பாடு அதிகம்."
"குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழான ஆட்பாடு" (உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு இது).

மூன்றும் தடையில்லாமல் ஓடுகின்றன.

கூடவே இன்னொன்று. ஆட்பாட்டையும் உடலில் தங்கிய அளவையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டாம். ஆர்சனிக்கின் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீர்ச் சோதனை அண்மை ஆட்பாட்டைத்தான் சொல்லும். காட்மியம் அப்படிப் போவதில்லை. சிறுநீரகத்தில் படிந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். புகையை நிறுத்தியவருக்கு அந்த வழி ஆட்பாடு நின்றிருக்கும், காட்மியம் மட்டும் உள்ளேயே இருக்கும். தங்கியதற்கு "உடற்சுமை" போதும் என்று நினைக்கிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ஆர்சனிக் உலோகப்போலி (உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்டது), அதை உலோகக் கணக்கில் சேர்க்கலாமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.

ஆட்பாட்டை மறுப்பவர்கள் தங்கள் சொல்லையும் மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் பொருத்தி அனுப்புங்கள்.