இடது கட்டைவிரல் மேலே வந்தா உணர்ச்சிவசப்படுற ஆளா?

முத்துநகர்வாசி:
குடும்ப வாட்ஸ்அப்ல வந்தது. ரெண்டு கை விரலையும் கோத்துப் பாருங்க. இடது கட்டைவிரல் மேலே இருந்தா மனசால முடிவெடுக்கிற ஆள், வலதுன்னா மூளையால. எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படியே பொருந்துது!

கணக்குவாத்தியார்:
பொருந்தாம? ஜோசியர் "வெளிய சிரிச்சாலும் உள்ள கவலை இருக்கு"ன்னு சொன்னா யாருக்குத்தான் பொருந்தாது? இதுக்குப் பின்னால இருக்கிற கதை, மூளையோட எந்தப் பாதி ஓங்கியிருக்குன்னு பார்த்து இடது மூளை ஆள், வலது மூளை ஆள்னு பிரிக்கிறது. அதுவே தப்பு. 2013ல யூட்டா பல்கலைக்கழகத்துல ஆயிரத்துக்கும் மேல மூளை ஸ்கேன் பார்த்தாங்க. அப்படி ஒரு பிரிவே சிக்கல.

முத்துநகர்வாசி:
அப்ப மூளையோட ரெண்டு பாதிக்கும் வேற வேற வேலைன்னு காட்டின விஞ்ஞானி ஸ்பெர்ரிக்கு 1981ல நோபல் சும்மாவா கொடுத்தாங்க?

கணக்குவாத்தியார்:
அவர் ஆராய்ஞ்சது, வலிப்புக்காக மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற நரம்புக் கற்றையை வெட்டின நோயாளிகளை. உங்க சித்தப்பாவுக்கு யாரும் வெட்டலையே.

வேப்பமரத்தடி:
குணத்தை விடுங்க, இது பரம்பரை. எனக்கும் அம்மாவுக்கும் இடதுதான் மேலே. நொட்டாங்கையால சாப்பிட்டா அடி விழும். விரல் கோக்கிறதை யார் கவனிச்சா? "கையைக் கட்டு"ன்னு அதட்டுற டீச்சர்கூட எந்தக் கை மேலேன்னு சொன்னதில்ல. சொல்லித்தராம வர்றது ரத்தத்துல வர்றதுதான்.

கணக்குவாத்தியார்:
லட்ஸ்னு ஒருத்தர் 1908லயே குடும்பம் குடும்பமா இதைப் பார்த்தாச்சு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வலது மேலேன்னாலும் பிள்ளைங்கள்ல இடதும் வருது. ஒரே கருவுல பிறந்த இரட்டையர்லயே பல ஜோடிக்கு ஆளுக்கொரு பக்கம். ரத்தம்தான் முடிவு பண்ணுதுன்னா அது எப்படி?

வேப்பமரத்தடி:
அப்ப வெறும் பழக்கமா? எங்க, இப்ப மாத்திக் கோத்துப் பாருங்க. ஒரு விரல் இடுக்கு தப்பி, சுண்டுவிரல் தனியா நிக்கும். அடுத்தவன் கையைத் தொட்ட மாதிரி கூசும். பழக்கம்னா இவ்வளவு அடம் பிடிக்குமா?

கணக்குவாத்தியார்:
பிடிக்கும். பல வருஷமா யோசிக்காமலே செஞ்சதாச்சே. சின்ன வயசுல தற்செயலா ஒரு பக்கம் விழுந்து அப்படியே நின்னிருக்கும்கிறது என் கணிப்பு.

இடக்கைச்செல்வி:
நான் இடதுகைக்காரி, எனக்கு வலது கட்டைவிரல்தான் மேலே. வீட்டுக்காரர் வலதுகை, அவருக்கு இடது. எழுதுற கைக்கும் இதுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. உலகத்துல பத்துல ஒருத்தர்தான் எங்க கட்சி. இடது கட்டைவிரல் மேலே வர்றவங்களோ ஏறக்குறைய பாதிப் பேர்.

முத்துநகர்வாசி:
அதெல்லாம் இருக்கட்டும். எங்க மாமியார் ஒரு தடவை இடது, ஒரு தடவை வலதுன்னு கோக்கிறாங்க, ரெண்டும் சரியாத்தான் இருக்காம். அவங்களை எதுல சேர்க்க?

கணக்குவாத்தியார்:
அதை ஃபார்வர்டு பண்ணினவர்கிட்ட கேளுங்க.